பலகை ரயில்

நாற்பது வயதைத் தாண்டிய மனிதன் பொம்மை ரயில் ஓட்டலாமா? என்னிடம் இதை யாரும் இப்படி முகத்துக்கு நேரே கேட்டதில்லை. போன மழைக்காலத்தில் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த சிநேகிதர் மட்டும் கொஞ்சம் நாசூக்காக, "குழந்தைகளுக்காக வாங்கினீர்களா?" என்றார். என் குழந்தைகள் இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள். "எனக்காகத்தான்" என்றேன். அவர் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சேரம்பாடியில் மழையைப் பற்றிப் பேச எப்போதும் விஷயம் இருக்கும். அதனால் அன்று இருவரும் தப்பித்தோம்.

இந்த ஊருக்கு ரயில் கிடையாது. நாடுகாணி வழியாக மலையிறங்கினால் நிலம்பூரில் உண்டு. 1927-ல் வந்த அந்தப் பாதை அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை நஞ்சன்கூடு வரை நீட்டப் போகிறார்கள் என்ற பேச்சை நான் அரைக்கால்சட்டை போட்ட நாளிலிருந்து கேட்டு வருகிறேன். இந்தப் பக்கம் வளைந்து வளைந்து பஸ்ஸில் போனால் ஊட்டி. அங்கே மலை ரயில்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, தோட்டத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் தகப்பனார், ஏதோ காரியமாகக் குன்னூர் போனவர் என்னையும் கூட்டிப் போனார். ஸ்டேஷனில் நின்றிருந்தோம். கீழேயிருந்து வண்டி வந்தது. முன்னால் எஞ்சின் இல்லை! வெறும் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவிட்ஸர்லாந்தில் விண்டர்தூரில் செய்த அந்தக் குட்டை எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளி வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டம் போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த வண்டி. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வீட்டுக்குப் போனதும் இதை நான் செய்தாக வேண்டும்.

தீப்பெட்டிகளில் செய்தேன். பிறகு பம்பாயிலிருந்து வந்த மாமா மின்சாரத்தில் ஓடும் ரயில் ஒன்று வாங்கி வந்தார். பிளஸ் டூ முடித்து, மேலே படிக்க வசதியில்லாமல், கதை எழுதுவது என்று தீர்மானித்துச் சென்னைக்குக் கிளம்பியபோது அந்த ரயிலை அடுத்த வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். எழுத்தாளனாகப் போகிறவனுக்கு ரயில் எதற்கு என்ற எண்ணம். அந்த எண்ணத்தில் எவ்வளவு அகம்பாவம் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

தகப்பனார் கட்டிய இரண்டு அறை வீட்டுக்கு இப்போது திரும்பி வந்திருக்கிறேன். ஓர் அறையில் பாதியைப் புஸ்தகங்கள் பிடித்துக்கொண்டன. ஜன்னலுக்கடியில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத்துக்கு இடம் மிஞ்சியது. அங்கே கீல் வைத்து ஒரு பலகை அடித்தேன். ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளம். 'என்' அளவு என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் ஒன்பதுக்கு அதுதான் முதல் எழுத்து. ஜெர்மனியில் செய்த எஞ்சின் ஒன்றை வரவழைத்தேன். அதன் விலையை வீட்டில் பாதியாகத்தான் சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையை என் மனைவி படிப்பாள். பரவாயில்லை.

நூற்று அறுபதில் ஒரு பங்கு என்பது கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் இந்த விளையாட்டில் ஒரு நியாய அநியாயம் இருக்கிறதென்று பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். நூற்று அறுபதால் வகுத்தாலும் 287 மீட்டர் வருகிறது. என் வீட்டு வாசலில் ஆரம்பித்தால் கடைத்தெருவில் போய் முடியும். உயரம் ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டர், நாலு மாடிக் கட்டடம். என்னிடம் இருப்பதோ நாலடிப் பலகை. ஆக, சுருக்குவது என்பது பெயருக்குத்தான். உண்மையில் நடப்பது தள்ளிவிடுவது. கல்லாற்றைத் தள்ளினேன். பதினாறு குகைகளில் பதினைந்தைத் தள்ளினேன். பல்சட்டத்தையே தள்ளிவிட்டேன். கணக்குப்படி மீட்டர் கேஜ் பாதைக்கு ஆறேகால் மில்லிமீட்டர் அகலம் போதும்; என்னுடையது ஒன்பது. அதுவும் ஒரு பொய். கதை எழுதுகிறவனுக்கு இந்தப் பொய்கள் புதிதல்ல. ஒரு குடும்பத்தின் முப்பது வருஷத்தை இருநூறு பக்கத்தில் அடக்கும்போது எத்தனை சித்தப்பாக்களையும் அத்தைகளையும் தள்ளியிருக்கிறேன்! ஆனால் அவர்களில் யாரும் வந்து கேட்டதில்லை.

குன்னூர் ஸ்டேஷனையும் விட்டுவிட்டு, சேரம்பாடிக்கே ஒரு ஸ்டேஷன் கட்டினேன். வராத ரயிலை வரவழைத்துக் கொண்டேன். தேயிலைச் சரிவுக்குக் கடற்பஞ்சை அரைத்துச் சாயம் போட்டு ஒட்டினேன். சில்வர் ஓக் மரங்கள் நட்டேன். இடம் போதாததால் பாதையை வட்டமாகப் போட்டேன். மலை ரயில் ஏறும் வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். அதே கணக்கில் ஓட்டினால் என் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வர இரண்டு நிமிஷம் ஆகிறது. தூரம் சுருங்கினாலும் அந்த இரண்டு நிமிஷம் நிஜமான இரண்டு நிமிஷம். அதில் மனசு எவ்வளவு அடங்குகிறது என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புனேயில் ஜோஷி என்ற அன்பர் ஆயுள் முழுவதும் இதையே செய்து, 1998-ல் சிறிய ரயில்களுக்கென்று ஒரு காட்சிசாலையே திறந்தார். அவரைப் பைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்களுக்குப் பால் கொண்டு வரும் அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒருநாள் மத்தியானம் மழைக்கு ஒதுங்கியவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி இது, கோச்சியா?"

ரயிலைக் கோச்சி என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் அங்கேயே. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு இந்தப் பிரஜா உரிமை, இன்னொருவருக்கு அந்தப் பிரஜா உரிமை. மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு ஜனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், பிறகு எங்கே எழுதியிருக்கிறதோ அங்கே.

அந்த அம்மாள் 1973-ல் ஹட்டனில் ஏறியவர். கூடப் பிறந்த அக்காள் பிளாட்பாரத்தில் நின்றாளாம். பிறகு ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அக்காள் இறந்துபோன செய்தி போனில் வந்தது. இவ்வளவையும் அவர் பால் கணக்குச் சொல்லுகிற குரலில் சொன்னார். வண்டி சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்தாறு சுற்று நின்று பார்த்துவிட்டு, மழை விட்டதும் போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பிளாட்பாரத்தில் எப்பேர்ப்பட்ட சுத்தம்! யாரும் யாரையும் வழியனுப்பவில்லை. போன வண்டி இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுகிறது. இடம் போதாமல்தான் வட்டம் போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு வாஸ்தவமில்லை. போனது திரும்பி வருவது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்று தெரிந்திருந்தும், பஞ்சு ஒட்டி, திரும்பி வரும் ரயில் விட்டவனை என்னவென்று சொல்வது?

மறுநாளே வட்டத்தை வெட்டினேன். ஒரு கோடியில் ஸ்டேஷன், மறு கோடியில் குகை. வண்டி புறப்படும், குகைக்குள் போகும், நின்றுவிடும். ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்டதாக நினைப்பு.

நாலைந்து நாள் கழித்து அம்மாள் வந்தார். ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். வண்டி குகைக்குள் மறைந்தது. பால் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு குகையின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் தம்பி, திரும்பி வரலியே?"

"வராதும்மா. பாதையை மாத்திட்டேன்."

"ஏன்? நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு?"

என்ன பதில் சொல்ல? உங்கள் துக்கத்துக்கு மரியாதை செய்யத்தான் வெட்டினேன் என்றா? அவர் துக்கம் அவரிடம் இருக்கிறது. ஐம்பது வருஷமாக அதை வைத்துக்கொண்டு மாடு கறந்திருக்கிறார். அதை என் பலகையில் கொண்டு வந்து நிறுத்தியது என் மனசாட்சிக்கு நானே செய்துகொண்ட அலங்காரம். பொம்மை பொய்யென்று அவருக்குத் தெரியாதா, என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. முதலில் ஓட்டியதற்காகவா, பிறகு வெட்டியதற்காகவா என்று கேட்டால் இன்னமும் என்னால் சொல்ல முடியாது.

வட்டத்தை மறுபடி போட்டேன். மின்சாரம் இருக்கும் மத்தியானங்களில் அம்மாள் வந்து பார்க்கிறார். இந்தக் கணக்கில் ஐந்தேகால் அடிப் பெண் சரியாக ஒரு சென்டிமீட்டர் உயரம் இருப்பாள். போன வாரம் ஊதுபத்திக் குச்சியைச் சீவி, நூல் சுற்றி, சிவப்புச் சேலை கட்டிய ஓர் உருவம் செய்தேன். அக்காள் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே புரிந்துவிட்டது. பிளாட்பாரத்தில் ஒட்டுவதற்காகப் பசை எடுத்தேன்.

"அங்க வேணாம் தம்பி" என்றார். "அவள உள்ள ஏத்திவிடுங்க."

இரண்டாவது பெட்டியின் கூரையைப் பிரித்து, ஜன்னலோரமாக வைத்து, கூரையை மூடினேன். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. கறுப்பாக ஏதோ இருப்பது போல் இருக்கும், அவ்வளவுதான். அம்மாள் குனிந்து பார்த்தார். பிறகு, "வுடுங்க" என்றார்.