உரையும் உரைகல்லும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானபின் நாகர்கோவிலின் வடசேரி வீடுகளில் பதினொன்றாம் வகுப்புக்கு எந்தக் குரூப் எடுப்பது என்ற பேச்சு எழும்போது, இயற்பியல் பெரும்பாலும் தன்பொருட்டு எண்ணப்படுவதில்லை; பொறியியல் சேர்க்கைக்குரிய 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் 50 அதனுடையது என்பதும், நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 180 அதனுடையது என்பதுமே அதன் மதிப்பாகக் கொள்ளப்படுகின்றன. பயன் கருதிக் கற்பது இழிவன்று. ஆயினும், எந்த வகை அறிதலுக்கு மாணவர் இரண்டாண்டுக் காலம் தம் மனத்தைப் பழக்கப்போகிறார் என்ற கேள்வி பயனைப் பற்றிய கேள்விக்கு முன்னே நிற்கிறது. அது, சமய நூல்கள் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்துவந்த கேள்வியும் ஆகும்.

அறிவு எவ்வழியால் உறுதிப்படுகிறதோ அவ்வழியை அளவை என்றும் பிரமாணம் என்றும் நூல்கள் வழங்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், பிறர் எண்ணிய பல அளவைகளையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றனுள் அடக்குவார். பொறிகளால் நேரே அறிவது காட்சி. புகையைக் கொண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கோர் வாய்ச்சொல்லால், சிறப்பாக ஆகமத்தால், அறிவது உரை. இயற்பியல் காட்சியையும் கருதலையும் கைக்கொண்டு உரையைத் தள்ளிவிடும் துறை என்றும், ஆகவே பக்தியுள்ள வீட்டுப் பிள்ளையின் நம்பிக்கையை அது அரித்துவிடும் என்றும் அஞ்சுவோர் உளர். அதே காரணத்துக்காக அதனைப் போற்றுவோரும் உளர். இரு சாராரும் மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் வகுப்பைக் கூர்ந்து பார்த்தவர்கள் அல்லர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

உண்மையில் அவ்வகுப்பில் மிகுதியாக ஆள்வது உரையே. எலக்ட்ரானின் மின்னூட்டத்தையும் ஒளியின் வேகத்தையும் மாணவர் அளந்தறிவதில்லை. பாடநூல் சொல்ல ஏற்கிறார். இப்பாடத்தின் மதிப்பெண்ணில் 70 எழுத்துத் தேர்வுக்குரியது, 20 மட்டுமே செய்முறைக்குரியது. அச்செய்முறையிலும் மீட்டர் சமனச்சுற்றில் வரவேண்டிய அளவீட்டை முன்னரே அறிந்துகொண்டு ரெக்கார்டு நோட்டை நிரப்புவது அரிதன்று. அவ்வாறு நிரப்பும் கை, பொருள் விளங்காமல் மந்திரத்தை உருவேற்றும் நாவினின்று பெரிதும் வேறுபட்டதன்று. எனினும் இதனால் உரை இழிந்த அளவை ஆகிவிடாது. எல்லாவற்றையும் ஒருவரே சோதித்தறிய ஆயுள் போதாதாகலின், நம்பத்தக்க உரையைச் சார்ந்தே அறிவு வளர்கிறது. சோதிக்க விரும்புவோர் முன்னே அவ்வுரை கதவைத் திறந்து வைத்திருக்கிறதா என்பதே கேட்கத்தக்கது.

இதற்கு வடசேரியிலேயே ஓர் உவமை கிடைக்கிறது. வெள்ளியில் அமைத்த சட்டத்தில் சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்துப் பொன் சேர்த்துச் செய்யப்படும் இவ்வூர்க் கோயில் நகை புவிசார் குறியீடு பெற்றது. தெய்வத் திருமேனிகளுக்கென வளர்ந்த அக்கலை இன்று பரதநாட்டியக் கலைஞர்களையும் அணி செய்கிறது. பொற்கொல்லர் பொன்னை வாங்கும்போது விற்பவர் வாக்கை மறுப்பதில்லை. அதனை முடிந்த முடிவாகக் கொள்வதுமில்லை. கல்லில் உரைத்து, மாற்று அறியப்பட்ட பொன்னின் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். சொல்லைக் குறிக்கும் உரையும் தேய்த்தலைக் குறிக்கும் உரையும் தமிழில் ஒரே வடிவம் கொண்டிருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் பொருத்தமான தற்செயல். திருக்குறளிலும், ஒன்றன் உண்மையைக் காண்பதே அறிவு என்ற முடிபு ஏறத்தாழ ஒரே சொற்களில் இருமுறை வருகிறது: மெய்யுணர்தல் அதிகாரத்தில் பொருளின் தோற்றத்தில் மயங்காமையைக் குறித்தும், அறிவுடைமை அதிகாரத்தில் சொல்பவரின் வாயை நோக்கித் தீர்மானிக்காமையைக் குறித்தும். முன்னது துறவறவியலைச் சார்ந்தது, பின்னது பொருட்பாலின் அரசியலைச் சார்ந்தது. இயற்பியல் பயில்வோருக்கு இரண்டும் ஒரே மேசையில் வந்து அமர்கின்றன.

ஆனால் உரைத்துப் பார்த்தல் மட்டும் போதாது. எதனை எதில் உரைப்பது என்ற தெளிவும் வேண்டும். வடசேரிக்கு அண்மையிலுள்ள சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில், முறைகெட்ட ஒழுக்கத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தம் தூய்மையை மெய்ப்பிக்கும் கைமுக்கு என்ற வழக்கம், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் நிறுத்தப்படும் வரை நடந்துவந்தது. புற அமைப்பில் அதுவும் ஒரு சோதனையே: கேள்வி உண்டு, கருவி உண்டு, கையைக் கட்டி வைத்துப் பின்னர் அவிழ்த்துக் காணும் முடிவும் உண்டு. ஆயினும் தோல் வேவது நெய்யின் வெப்பத்தையும் கை அதனுள் இருந்த நேரத்தையும் பொறுத்ததேயன்றி, மனிதரின் குற்றத்தைப் பொறுத்ததன்று. அறத்தைப் பற்றிய கேள்வியை வெப்பத்திடம் கேட்டதே அங்கு நேர்ந்த பிழை. இப்பிழை சமயத்துக்கு மட்டும் உரியதன்று. இயற்பியல் கற்றதனாலேயே கடவுள் இல்லை என்று நிறுவிவிட்டதாகக் கருதுவோரும், தம் கருவி அளக்காத ஒன்றை அதனிடம் கேட்கிறார்கள்.

நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையைச் சேர்ந்த கே. சிவன் 2018 முதல் 2022 வரை தலைவராக இருந்த இஸ்ரோவில், ஏவுதலுக்கு முன் ஏவுகலத்தின் சிறு மாதிரியைத் திருமலைக்கு எடுத்துச் சென்று வழிபடும் வழக்கம் பலமுறை விமர்சிக்கப்பட்டுள்ளது. எரிபொருள் தொட்டியின் அழுத்தம் சரியா என்பதை அங்கு எவரும் கேட்பதில்லையாதலால், இதனைக் கைமுக்கோடு ஒப்பிடுதல் பொருந்தாது. சிவனின் கல்வியும் ஈண்டு நினைக்கத்தக்கது: உழவுக் குடும்பத்தின் நிலை காரணமாக அவர் முதலில் பயின்றது தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம், சென்னை எம்.ஐ.டி.யின் வானூர்திப் பொறியியல் அதன் பின்னரே வந்தது. பதினைந்து வயதில் குறிக்கப்படும் குரூப் தலையெழுத்தாகிவிடுவதில்லை.

முடிவு காண இயலாதபோது சில குடும்பங்கள் பூக்கட்டிப் பார்ப்பதுண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாக மடித்துச் சந்நிதியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வர். இரு வழிகளும் ஒத்த நன்மையுடையன என்று ஆராய்ந்து கண்டபின் அவ்வாறு செய்தால், அது பெற்றோரின் தற்பெருமையையும் உறவினரின் நச்சரிப்பையும் ஒதுக்கிவைத்துத் தீர்மானத்தை இறைவனிடம் ஒப்படைக்கும் பணிவாகும். வரவேண்டிய விடையை ரெக்கார்டு நோட்டிலிருந்து எடுத்தெழுதாமல், தம் கம்பியில் கண்ட பிழையான அளவீட்டோடு ஆசிரியர் முன் நிற்கப் பிள்ளைக்கு மனம் உண்டா என்பதோ, பொட்டலத்தைப் பிரித்து அறியக்கூடியதன்று. அதனைப் பிள்ளையிடமே கேட்க வேண்டும்.