நீர்மோரும் பிரசாதமும்



பங்குனி மாதம் கபாலீஸ்வரர் கோயிலில் பத்து நாள் பெருவிழா. எட்டாம் நாள் அறுபத்துமூவர். அன்றைக்கு மயிலாப்பூர் மாட வீதிகளில் நடக்க இடமிருக்காது. வெயில் ஏறுகிற காலம், வழிநெடுகப் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், சாப்பாடு கொடுக்கிறார்கள். "பாஸ்டர், அந்த மோரை நாம குடிக்கலாமா? அம்மா பிரசாதம் கொடுத்தா என்ன சொல்றது?" என்று புதிதாக ஞானஸ்நானம் எடுத்த ஒரு சகோதரி கேட்டார்.

முதலாவது, அவர்கள் எதைக் கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாம்பு கடித்து இறந்த பூம்பாவையை, குடத்திலிருந்த எலும்பும் சாம்பலுமாகிய நிலையிலிருந்து சம்பந்தர் பதிகம் பாடி எழுப்பினார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. எட்டாம் நாளில் அதை நினைவுகூருகிறார்கள். நம்முடைய உயிர்த்தெழுதல் பண்டிகையும் பல வருஷங்களில் இதை ஒட்டியே வருகிறது. நாம் விசுவாசிக்கிறது வேறே. ஆனாலும் செத்த பிள்ளை திரும்பி வரமாட்டாளா என்று ஏங்குகிற தகப்பன் மனசு எல்லாருக்கும் ஒன்றுதான். அதைக் கேலி பண்ணாதீர்கள்.

கொரிந்து பட்டணத்து விசுவாசிகளுக்கும் இதே கேள்வி வந்தது. 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை வாசித்துப் பாருங்கள். விக்கிரகத்தின் பந்தியில் பங்கு வேண்டாம் என்கிறார் பவுல். கடையில் விற்கிற இறைச்சியையோ விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்கிறார். படைத்தது என்று ஒருவன் சொல்லிவிட்டால் அவனுடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடச் சொல்கிறார்.

அப்படியானால் மோர்? தாகத்துக்குக் கொடுக்கிறது. ஸ்தோத்திரம் சொல்லிக் குடியுங்கள், கொடுத்தவருக்கும் நன்றி சொல்லுங்கள். கூட வருகிற இளம் விசுவாசி அதைப் பார்த்து இடறுவான் என்றால், அன்றைக்கு நீங்களும் தாகத்தோடே நடங்கள். பிரசாதம்? அது படைத்தது என்று சொல்லியே கொடுக்கப்படுகிறது. நமக்கு வேண்டாம்.

ஆனால் வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறோம்? இங்கேதான் நம்மில் அநேகர் தவறுகிறோம். வாங்கி வைத்துக்கொண்டு பின்னால் குப்பையில் போடுவது பொய். முகத்தைச் சுளித்துத் தட்டிவிடுவது பெருமை. பெற்ற தாயின் கை அது! கனம்பண்ணச் சொன்ன கற்பனை ஞானஸ்நானத்தோடு முடிந்துபோகவில்லை. "இது மட்டும் வேண்டாம்மா, கோவிச்சுக்காதே. நாளைக்கு வர்றேன், உன் கையால ஒரு ரசம் வெச்சுக் கொடு" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் போங்கள். போய் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள். நீங்கள் விட்டது படையலை, அம்மாவை அல்ல என்று அந்தத் தாய்க்கு அப்போது விளங்கும்.

இன்னொன்று. அந்நியருடைய தாகத்தை அவர்கள் நினைக்கிறார்கள். இந்தக் கோடையில் நம்ம வீட்டு வாசலில் ஒரு பானைத் தண்ணீராவது இருக்கிறதா?

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.