உடம்பென்னும் பொறியும் உயிரும்

பொம்மையார்பாளையத்தினின்றும் வடக்கே மரக்காணஞ் செல்லுங்கால், அளங்களில் எண்ணெய்ப்பொறிகள் உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் விடுதலை யாம் பலகாற் கண்டுளோம். அவ்வுப்பையே இறைக்கும் பொறி நம் உடம்பின் உயிரணுக்களிலும் உளதென்பர் இக்காலத்து உயிர்நூலார். 1957-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஸ்கௌ என்பார் கடற்கரை நண்டின் கால்நரம்பில் இதனைக் கண்டனர். 1997-இல் அதன்பொருட்டு நோபெற் பரிசிற் பங்கும் பெற்றனர். உணவினால் ஆக்கப்பட்ட ஏடிபி என்னும் எரிபொருளில் ஒரு கூறு செலவிட்டு, அப்பொறி சோடிய அயனி மூன்றை வெளியே தள்ளிப் பொட்டாசிய அயனி இரண்டை உள்ளே வாங்கும். அஃது ஓயின் உயிரணு நீர்கோத்து வீங்கும். எரிபொருள், தொழில், பழுது மூன்றானும் அளத்துப்பொறியோடு இஃது ஒக்கும்.

(உயிரணு என்றது வழக்குப்பற்றி. நம் ஆகமங்களில் உயிர்க்கு அணுவென்னும் பெயர் ஆணவத்தான் வந்தது. இதுவோ மாயையின் காரியம்.)

இவ்வொப்புமை கொண்டு, பொறிக்குச் செய்வோன் உளனாகலின் உயிரணுவுக்கும் உளன் என நம்மவர் சிலர் விரைந்து முடிப்பர். யாம் உடன்படோம். அளத்துப்பொறி மற்றொரு பொறியை ஈனாது. உயிரணுவோ தன் பொறிகளைத் தானே சமைக்கின்றது. சமைக்கும் பட்டறை ரைபோசோம் எனப்படும். அதன் வடிவை ஆராய்ந்து 2009-இல் நோபெற் பரிசு பெற்றோருள் ஒருவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், 1952-இல் தில்லையிற் பிறந்தவர். அப்பட்டறையையும் உயிரணுவே கட்டுகின்றது. குடத்திற்குப் புறத்தே குயவன் நிற்றல்போல் ஒருவனை ஆங்குச் சுட்டிக் காட்டல் அரிது. நிமித்தகாரணனை நிறுவ நமக்கு வலிய ஏதுக்கள் வேறுளவாகவும் மெலிந்த உவமையைப் பற்றுவதென்னை?

அற்றேல் பொறியே அமையும், உயிர் எற்றுக்கு என்பான் உலகாயதன். உடம்பை இயந்திரமெனச் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரம் முன்னரே வழங்கிற்று. வழங்கியும் உயிரை இழந்திலது. உறக்கத்திற் பிராணன் இயங்கவும் நுகர்ச்சி நிகழாமையின் பிராணன் ஆன்மா அன்றென்பது ஆண்டுப் பெறப்படும். சோடியப்பொறிக்கும் அதுவே விடை. துயிலினும் அஃது ஓயாது இறைக்கின்றது, அறிவோ நிகழ்ந்திலது. மூளையின் நிலை வேறுபட்டமையால் அறிவு நின்றதெனின், வேறுபட்டது கருவியே. கருவி ஒடுங்க உயிர் அறியாதென்பது நமக்கும் உடன்பாடு.

எம்மை உறுத்துவது பிறிதொன்று. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் பெண்ணின் உடம்பினின்றும் எடுத்த உயிரணுக்கள், அவர் அவ்வாண்டே இறந்தும், இன்றளவும் ஆய்வுக்கலங்களிற் பெருகி உப்பிறைக்கின்றன. நுகர்வோன் நீங்கியபின் அவ்வியந்திரம் யாருடையது? அணுதோறும் ஓருயிர் புக்கதென்பதோ, உயிரின்றியே இயங்குஞ் சடமென்பதோ? முன்னது கூறின் ஓருடம்பில் எண்ணிறந்த உயிர் கொள்ளல் வேண்டும். பின்னது கூறின் உலகாயதனுக்கு இடங்கொடுத்ததாகும். மடங்களிற் பாடஞ்சொல்லும் பெரியார் ஆராய்ந்து இவ்விதழில் எழுதுவாராக.