அடைக்கலப் பட்டணம்



ஒரு வீட்டில் எதிர்பாராத சாவு விழுந்தால் முதலில் அழுகிறோம். அழுகை சற்று ஓய்ந்ததும், “இதற்கு யார் காரணம்?” என்று ஒரு கேள்வி எழும்புகிறது. இந்தக் கேள்வி நியாயமானதா, அது நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த வாரம் சிந்திப்போம். நம் வாலிபர்கள் கால்பந்தில் பிரியமுள்ளவர்கள். ஆகையால் மைதானத்தில் நடந்த ஒரு சங்கதியையே எடுத்துக்கொள்வோம்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி. பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் பெடரேஷன் கோப்பையின் இறுதி ஆட்டம். கோவாவின் டெம்போ அணியும் கல்கத்தாவின் மோகன் பகான் அணியும் எதிர்த்து ஆடின. டெம்போவின் முன்வரிசையில் ஆடியவர் கிறிஸ்டியானோ ஜூனியர் என்ற பிரேசில் நாட்டு வாலிபர். வயது 25. அதற்கு முந்தின ஆண்டு ஈஸ்ட் பெங்கால் அணிக்காக ஆடி, தேசிய லீக்கில் 15 கோல் போட்டு, எல்லாரிலும் முதலாவதாக நின்றவர். கல்கத்தாவிலும் கோவாவிலும் ரசிகர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை.

அன்றும் ஒரு கோல் போட்டிருந்தார். இரண்டாவது கோலுக்குப் பந்தைத் தள்ளிய கணத்தில், தடுக்கப் பாய்ந்து வந்த கோல்கீப்பரோடு மோதிக் கீழே விழுந்தார். பந்து வலைக்குள் போயிற்று, அவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் உயிர் பிழைக்கவில்லை. அவர் போட்ட இரண்டு கோலால் கோப்பை டெம்போவுக்குக் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை.

முகம் பார்த்துப் பேசியறியாத ஓர் ஆட்டக்காரனுக்காக அழுவது மெய்யான துக்கமா என்று சிலர் கேட்பதுண்டு. மெய்யானதுதான். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவனுக்கு ஒரு மணி நேரம் சந்தோஷம் கொடுத்தவன் அந்நியனல்ல. டெம்போ அணியார் அவர் அணிந்த 10-ம் எண் சட்டையை இனி ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்று எடுத்துவைத்தார்கள். அந்தப் பருவத்தில் தேசிய லீக்கையும் வென்றார்கள். இது நல்ல துக்கம். மரித்தவரை மகிமைப்படுத்துகிற துக்கம்.

ஆனால் துக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அந்தக் கோல்கீப்பரின் பெயர் சுப்ரதா பால். அப்போது அவர் இளவயதினர். ஜனங்களின் கோபமெல்லாம் அவர்மேல் திரும்பிற்று. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அவரைச் சிலகாலம் ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. மைதானத்தில் முதலுதவிக்கு ஏற்ற வசதி இருந்ததா என்ற கேள்வியும் எழுந்தது. என்றாலும் வசதிக் குறைவுக்கு முகமில்லை. அந்தப் பையனுக்கு முகமிருந்தது. கோபம் எப்பொழுதும் முகத்தைத் தேடுகிறது.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் நமக்குத் தெரியும். அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் வைத்த பொம்மை வெடித்துப்போனால், சூளைக்காரரைத் திட்டுவது சுலபம். விவரமறிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். மண் கலவையில் பிசகா, உள்ளே காற்று நின்றதா, உலர்த்தினதில் அவசரமா, நெருப்புத்தான் மிஞ்சிற்றா என்று ஒவ்வொன்றாய்ப் பார்ப்பார். கடைசியாய்த் தொட்ட கைதான் உடைத்த கை என்று தீர்ப்புச் சொல்லிவிடமாட்டார். பொம்மைக்குக் காட்டுகிற இந்த நிதானத்தை மனுஷனுக்குக் காட்டவேண்டாமா?

பழைய ஏற்பாட்டில் உபாகமத்தின் 19-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இரண்டு பேர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் ஓங்கும்போது கோடரியின் இரும்பு காம்பிலிருந்து கழன்று மற்றவன்மேல் பட்டு அவன் சாகிறான். வெட்டினவனுக்கு முன்பகையில்லை. அப்படிப்பட்டவன் தப்பி ஓடிப் பிழைப்பதற்காகவே அடைக்கலப் பட்டணங்களைக் குறித்து வைக்கும்படி சர்வேசுரன் கட்டளையிட்டார். அவற்றின் தொகை 6. பட்டணம் இருந்தால் மட்டும் போதாது. அதற்குப் போகிற வழியையும் செம்மைப்படுத்தி வைக்கவேண்டும். ஏன்? செத்தவனுடைய உறவினன் நெஞ்சு கொதிக்கிற நேரத்தில், ஓடுகிறவன் பாதிவழியில் பிடிபட்டுவிடக்கூடாது என்பதற்காக.

இந்தச் சட்டம் குருட்டு இரக்கம் அல்ல. பகைத்துப் பதுங்கியிருந்து கொன்றவனுக்கு அங்கே இடமில்லை. அவனைப் பிடித்து ஒப்புவிக்கவேண்டும். ஆகவே விசாரணை வேண்டும், தப்புக்குத் தகுந்த தண்டனையும் வேண்டும். கவனக்குறைவும் குற்றந்தான். ஆனால் விசாரிக்கிறவர் யார்? கொதிக்கிற நெஞ்சு நீதிபதியாய் உட்காரலாகாது என்பதே அந்தச் சட்டத்தின் கருத்து.

இது பெங்களூர்ச் சங்கதி மட்டுமா? நம்மூர்ச் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள்மேல் டிராக்டரோ லாரியோ மோதினால் நாம் என்ன செய்கிறோம்? விழுந்தவனைத் தூக்க இரண்டு பேர். ஓட்டினவனை இறக்கி அடிக்க இருபது பேர். 108-க்குப் போன் செய்யவேண்டிய கை ஓங்கி நிற்கிறது. அடிக்கிறவர்களில் பலர் செத்தவனை நேசித்தவர்களே. ஆனால் அந்த அடியால் செத்தவனுக்கு என்ன லாபம்? நேசம் என்ற பெயரில் இன்னொரு தாயின் வீட்டிலும் ஒப்பாரி எழுப்புவது நேசமாகுமா?

சுப்ரதா பாலின் பிற்கால வாழ்க்கையையும் கேளுங்கள். அவருக்கு ஆட்டக் கதவு திரும்பத் திறந்தது. 2011-ம் ஆண்டு கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவின் கோல் வாயிலில் நின்றவர் அவரே. மூன்று ஆட்டத்திலும் இந்தியா தோற்றது. ஆயினும் கொரியா, ஆஸ்திரேலியா போன்ற பெரிய அணிகளை எதிர்த்து அவர் பந்தைப் பாய்ந்து பாய்ந்து தடுத்ததை ஜனங்கள் கொண்டாடினார்கள். 2016-ல் அர்ஜுனா விருது பெற்றார். அந்த இளவயதில் கதவை நிரந்தரமாய்ச் சாத்தியிருந்தால், ஒரு சாவோடு இரண்டு வாழ்வு முடிந்திருக்கும். இதனால் கிறிஸ்டியானோவின் குடும்பத்தாருக்கு நஷ்டம் குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை. அது குறையாது. நஷ்டத்தைப் பெருக்காமல் விடுவது மாத்திரமே நம் கையில் இருக்கிறது.

அன்பானவர்களே, துக்கப்படுங்கள், அது மனுஷத்தன்மை. காரணத்தைத் தேடுங்கள், அதனால் நாளைக்கு இன்னொருவன் பிழைக்கலாம். விளையாட்டு மைதானத்தில் முதலுதவி தெரிந்த ஒருவராவது இருக்கும்படி நம் வாலிபர்கள் இன்றே ஏற்பாடு செய்யட்டும். ஆனால் கொதிப்போடு ஓடி வருகிறவனுக்கும் பயத்தோடு ஓடுகிறவனுக்கும் நடுவில் ஒரு பட்டணம் வேண்டும். நம் வீட்டு வாசல்களே அந்தப் பட்டணமாய் இருக்கட்டும்.

இன்றிரவு குடும்ப ஜெபத்தில், விபத்தில் மரித்தவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். அதோடு, அந்த விபத்தில் உயிர் தப்பி, தூக்கம் வராமல் விழித்துக் கிடக்கிறவர்களுக்காகவும் ஒன்று சொல்லுங்கள். இரண்டாவதைச் சொல்ல நாவு தயங்கினால், அது நமக்கே அதிகம் தேவையென்று அறிந்துகொள்ளுங்கள்.