யார் மீது கடமை?

ஊரில் ஒரு மவுத்து என்றால் நாம் யாரும் வீட்டில் இருப்பதில்லை. ஜனாஸாத் தொழுகை பர்ளு கிஃபாயா. சிலர் நிறைவேற்றினால் மற்றவர் மீதுள்ள கடமை நீங்கும். ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் ஊரே குற்றத்துக்குள்ளாகும். மக்தபில் ஓதும் சிறு பிள்ளையும் இதை அறியும். உயிரோடிருப்பவர் விஷயத்திலும் இதே சட்டம் உண்டு என்பதைத்தான் மறந்து விடுகிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் மருத்துவத்தையும் கணக்கையும் பர்ளு கிஃபாயாவில் சேர்த்திருக்கிறார்கள். கொடுக்கல் வாங்கலுக்கும் பாகப் பிரிவினைக்கும் கணக்கு வேண்டும் என்பது அதற்குக் காரணம்.

இராமநாதபுரம் கடற்கரையை எடுத்துக் கொள்வோம். கீழக்கரையில் 1984-லேயே பொறியியல் கல்லூரி வந்து விட்டது. 1988-ல் பெண்களுக்கென ஒரு கல்லூரியும் வந்தது. சபுராளிகள் வீட்டுப் பெண் மக்கள் இன்று பட்டம் பெறுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதே கரையில், வலையை நம்பி வாழும் நம் சகோதரர் வீட்டுப் பையன் எட்டாவதோடு நின்று விடுகிறானே, ஏன்?

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில்தான். நோட்டு அரசாங்கப் பள்ளியில் கிடைத்து விடும். அந்த இரண்டு மாதம் அடுப்பெரிய வாங்கிய கடனை யார் அடைப்பது? தடை நீங்கிப் படகு இறங்கும் வாரத்தில் வாப்பாவுக்கு இன்னொரு கை தேவைப்படுகிறது. பையன் போய் விடுகிறான்.

அப்படி மகனை அழைத்துச் சென்ற ஒருவரிடம் நாம் பேசினோம். "காக்கா, வாடையும் கச்சானும் எங்க வாப்பா எனக்குக் காட்டித் தந்தது. எந்தப் பள்ளிக்கூடத்துல இது இருக்கு?" என்றார். நியாயமான பேச்சு. காற்றையும் நீரோட்டத்தையும் அறிவது இல்மு இல்லையென்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

"கடன் எவ்வளவு?" என்று கேட்டோம்.

"முதலாளி நோட்டில இருக்கு."

"நோட்டில் என்ன எழுதியிருக்கிறது?"

"அது அவருக்குத்தானே தெரியும்!"

முன்பணம் வாங்கியவர் மீனை அந்த முதலாளிக்கே போட வேண்டும். விலையும் அவர் சொல்வதுதான். கடனைக் காட்டி ஆதாயம் பெறுவது வட்டியில் சேருமா என்பதை ஆலிம்கள் விளக்கட்டும். நம் கேள்வி வேறு. திருக்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும். வாசகத்தைச் சொல்ல வேண்டியவரோ கடன்பட்டவர். நம் கரையில் கடன் கொடுத்தவரே சொல்கிறார், அவரே எழுதுகிறார். பட்டவர் கைநாட்டு வைக்கிறார்.

அந்த முதலாளி கெட்டவர் அல்லர். முன் ஸஃப்பில் நிற்பவர். ரமளானில் அந்த வீட்டுக்கே ஜகாத்தும் கொடுத்தனுப்புகிறார். ஆனாலும் ஒருவருடைய அறியாமையால் நம் பெட்டி நிறையுமானால், அந்த அறியாமைக்கு நாம் பொறுப்பில்லை என்று மறுமையில் சொல்ல முடியுமா? படிக்க வேண்டாமென்று நாம் தடுக்கவில்லைதான். ஜனாஸாவை எடுக்க வேண்டாமென்றுகூட யாரும் தடுப்பதில்லை.

பத்ரில் சிறைப்பட்டவர்களில் ஈட்டுத்தொகை கொடுக்க வசதியற்ற, எழுதத் தெரிந்தவர்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன கேட்டார்கள்? ஆளுக்குப் பத்து மதீனாச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விட்டு விடுதலையாகலாம் என்றார்கள். மதீனாவில் அன்று பணம் கொட்டிக் கிடக்கவில்லை. முஹாஜிர்கள் வீட்டில் பட்டினி. அந்த நிலையிலும் கைக்கு வரக்கூடிய தொகைக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு எழுத்தை வாங்கினார்கள், அதுவும் பகைவரிடமிருந்து!

நம்மில் ஒரு முதலாளி, தடைக்காலத்து முன்பணத்தில் ஒரு பகுதியைப் பையன் பத்தாவது முடிக்கும் வரை கேட்பதில்லை என்று விட்டுக் கொடுக்கலாம். நோட்டைப் பையனிடமே கொடுத்து, கூட்டிப் பார்க்கச் சொல்லலாம். இதை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தாரிடம் சொன்னபோது, "நல்ல யோசனை, ரமளான் கழியட்டும்" என்றார்கள். ரமளான் கழிந்து விட்டது. பையன் இந்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகவில்லை. கடலிலிருந்து வந்த நாள்களில் இஷாவுக்கு நம் ஸஃப்பிலேயே, மூன்று பேர் தள்ளி நிற்கிறான்.