பிழைத்தபின் எழும் கடமை

பார்வோ நோயால் துவண்டுகிடந்த நாய்க்குட்டி எழுந்து மீண்டும் சோறுண்ணும் நாளில் வீட்டார் அடையும் மகிழ்ச்சி சிறிதன்று. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பகுதிகளில் நாய் வளர்ப்போர் பலர் இதனை அறிவர். "இனி இதனை எவ்வாறு காப்பது?" என்று உடனே கேட்கிறோம். நல்ல கேள்விதான், ஆனால் முழுமையான கேள்வியன்று.

1978-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய இந்நோயிலிருந்து மீண்ட நாய்க்குப் பல ஆண்டுகள் நிலைக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. பார்வோ அதனை மீண்டும் தாக்குவது அரிது. ஆயினும், குணமடைந்த பின்னரும் சில வாரங்கள் அதன் மலத்தில் கிருமி வெளிப்படக்கூடும். அக்கிருமி நிழலான மண்ணில் பல மாதங்கள் அழியாதிருக்கும். நம் காலணியிலும் ஒட்டிச் செல்லும். ஆகவே, இப்போது காக்கப்பட வேண்டியவை அயல்வீட்டுக் குட்டிகளும், தெருமுனைக் காலிமனையில் பிறந்த குட்டிகளுமே.

நம்முடையது பிழைத்ததோடு நம் கடமை முடிந்ததா? கழுவிய நீரைத் தெருவில் ஊற்றுகிறோம். நோய் வந்ததை அயலாரிடம் சொல்லக் கூசுகிறோம். தீய எண்ணம் எதுவுமில்லை. எனினும், கடமையில் தவறுவதும் பாவமே என்று திருப்பலியில் அறிக்கையிடுபவர்கள் அன்றோ நாம்!

"ஏழை மனிதர் வாட, நாய்களுக்கு இத்துணை அக்கறையா?" என்று சிலர் வினவலாம். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் தகாது, மனிதர் துயர் தீர்க்க வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவதும் தகாது என்று இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது. இங்குத் தேவைப்படும் செலவோ மிகச் சிறிது, கவனமே பெரிது.

நலம் பெற்ற நாயை ஒரு மாதமேனும் வீட்டெல்லைக்குள் வைத்திருப்போம். மலத்தை உடனே அகற்றித் தரையைக் கழுவுவோம். சோப்பு மட்டும் இக்கிருமியை அழிக்காது. ஆதலால், துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்கு நீர் 30 பங்கு கலந்து, தரையில் 10 நிமிடம் ஊறவிடுவோம். குட்டி வளர்க்கும் அயலாரிடம் உண்மையைச் சொல்லி, 6 முதல் 8 வார வயதில் தடுப்பூசியைத் தொடங்கி, 16 வாரம் வரை தவணை தவறாது போடுமாறு வேண்டுவோம். நம் நாய்க்கும் பிற நோய்களுக்கான தடுப்பூசிகளைத் தொடர்வோம்.

கொள்ளைநோயுற்ற புனித ரோக் ஊரைவிட்டு ஒதுங்கிக் காட்டில் தங்கினார் என்றும், ஒரு நாய் அவருக்கு அப்பம் கொணர்ந்தது என்றும் மரபு கூறும். தன் நோய் பிறரைத் தொடாதிருக்க நாய் தானே ஒதுங்க அறியாது. அதன்பொருட்டு அதனைச் செய்ய வேண்டியவர்கள் நாமே.