மொழிக்குக் காவலர் யார்?

போர்த்துக்கேய மொழியையும் தேசிய இலக்கியத்தையும் பேணுதலே நோக்கமாக, 1897இல் றியோ டி ஜெனீரோவிற் பிறேசில் இலக்கியக் கழகம் நிறுவப்பட்டது. உறுப்பினர் 40 பேர். முதற்றலைவர், விடுதலை பெற்ற அடிமைகளின் பேரரான மச்சாடோ டி அசிஸ். எனினும், கழகத்தைத் தோற்றுவிக்கும் முயற்சியிற் பங்குகொண்ட எழுத்தாளர் ஜூலியா லோபஸ் டி அல்மெய்டா பெண் என்பதால் விலக்கப்பட்டார். அவர்தம் கணவர் இடம்பெற்றார். முதற் பெண் உறுப்பினர் தெரிவானது 1977இல். முதற் பழங்குடி உறுப்பினரான அயில்டன் கிறெனாக் தெரிவானது 2023இல்.

அத்தனை காலமும் அம்மொழியைப் பேசியும் பாடியும் வளர்த்தோருள் வாயிலுக்கு வெளியே நின்றோரும் அடங்குவர். சொற்றொகுதியும் எழுத்துவிதியும் மொழிக்கு வேலியாகலாம், வேலி பயிராகாது. எனவே, மொழிக்காவல் சொற்களைக் காப்பதோடு அமைவதன்று. அவற்றைப் பேசுவோரின் உரிமையையும் காப்பதாகும். அவர்களை விலக்கும் காவல், மொழியையன்றித் தன் பீடத்தையே காக்கின்றது.